முதல் உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுப்பது? – சங்கம் தொடங்கிய அனுபவம்

கால்நடை மயக்கவியலை மட்டுமே தொழிலாகச் செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினோம். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பெயர், துணைவிதிகள், பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் பெரிய விஷயமே இல்லை. விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் இருந்தால் போதும். இழுபறி எல்லாம் ஒரே கேள்வியில்தான். தேர்வில் தேறியவரைத்தான் சிறப்பு மருத்துவராக ஏற்போம் என்றால், அந்தத் தேர்வை நடத்தும் முதல் ஆட்களை ஏற்பது யார்?

ஐரோப்பாவில் துறைவாரியாகக் கல்லூரிகள் (படிக்கும் இடமல்ல, 'காலேஜ்' என்ற பெயரில் இயங்கும் சிறப்பு மருத்துவர் அமைப்புகள்) உருவானபோதும் இதே சிக்கல் இருந்தது. துறையில் நீண்டகால வேலையும் ஆய்வு வெளியீடுகளும் உள்ளவர்களைத் தொடக்கத்தில் தேர்வில்லாமல் சேர்த்துக்கொண்டு, பிறகு அந்தக் கதவை மூடிவிட்டார்கள். நாங்களும் அதையே பின்பற்றினோம். கதவு எப்போது மூடும் என்பதைத் துணைவிதியிலேயே எழுதிவைத்ததுதான் நாங்கள் செய்த மிக நல்ல காரியம் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் 'இன்னும் ஒருவரை மட்டும்' என்ற சிபாரிசு வந்துகொண்டே இருக்கும்.

சிபாரிசுக்கு இடம் கொடுக்காமல் இருக்க, பெயரை மறைத்த கேஸ் பதிவுகளைக் கேட்டோம். பட்டமும் அனுபவ ஆண்டுகளும் சொல்லாததை அந்தத் தாள்கள் சொல்லின. ஒன்றில் 'நாய், ஐசோஃப்ளூரேன், நலமாக எழுந்தது', அவ்வளவுதான் (ஐசோஃப்ளூரேன் என்பது ஒரு மயக்க மருந்து வாயு). இன்னொன்றில் சராசரி ரத்த அழுத்தம் 60-க்குக் கீழே இறங்கிய நேரம், முதலில் மயக்க வாயுவைக் குறைத்தது, அது போதாமல் திரவம் ஏற்றியது, மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் அளவு என எல்லாம் வரிசையாக இருந்தன. ஓரத்தில், அடுத்த முறை முன்மருந்தின் (மயக்கம் கொடுப்பதற்கு முன் தரும் மருந்து) அளவை மாற்ற வேண்டும் என்று ஒரு குறிப்பு. எழுதியவர் யார் என்று தெரியாமலேயே எல்லோரும் அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

அங்கீகாரம் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கால்நடை நோயியலாளர்கள் 1949-லேயே தங்கள் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்கள்; அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரம் 1951-ல்தான் வந்தது. அதனால் அங்கீகாரத்துக்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

* * *

நல்ல பதிவு, டாக்டர். நான் அறுவை சிகிச்சைப் பிரிவு. எங்கள் குழுவில் வேறு ஒரு பிரச்சினை வந்தது. பொது மருத்துவர்கள் பலர், 'நாளைக்கு எலும்பு முறிவுக்கே நாங்கள் கத்தி எடுக்கக் கூடாது என்பீர்களா?' என்று கொதித்துப்போய் வந்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. வேலை செய்யும் உரிமையைத் தருவது மருத்துவப் பதிவுதான், சங்கம் இல்லை. சங்கம் தருவது 'சிறப்பு மருத்துவர்' என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை மட்டும்தான். இதைத் துணைவிதியின் முதல் பக்கத்திலேயே போட்டோம். அவர்களுக்கு இணை உறுப்பினர் பிரிவும் வைத்தோம். அப்புறம் கோபம் தணிந்தது. இப்போது கருத்தரங்குகளுக்கு அதிகம் வருவதே அவர்கள்தான்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓராண்டு இன்டர்ன்ஷிப், அதற்குப் பிறகு மூன்றாண்டு ரெசிடென்சி (ஒரே துறையில் மேற்பார்வையில் பெறும் சிறப்புப் பயிற்சி) என்பது பல நாடுகளில் வழக்கம். ஆனால் புதிய சங்கத்தில் பயிற்சி தரத் தகுதியானவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். பயிற்சி தந்தவரே தேர்வாளராகவும் உட்காரும் நிலை வந்துவிடும். எங்களிடம் அது வந்தது. தன் மாணவர் தேர்வு எழுதும் ஆண்டில் அவர் தேர்வுக்குழுவில் இருக்கக் கூடாது என்று விதி போட்டு, அந்த இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தேர்வாளரைக் காணொளி வழியாக அழைத்தோம். தேர்வுக்குழுவைச் செயற்குழுவிலிருந்து தனியாகப் பிரித்தும் விட்டோம். தலைவரே கேட்டாலும் வினாத்தாளைக் காட்ட மாட்டார்கள்.