மாருதி 800: செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். அப்பா வாங்கிய மாருதி 800, 1997 மாடல், கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வண்டி கீற்றுக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. நேற்று அம்மாவை மன்னார்குடிக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று சாவியைத் திருப்பினால், செல்ஃப் கணீரென்று அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. பேட்டரி புதிது. டாங்கில் கால்வாசி பெட்ரோல் இருக்கிறது. எலி ஒயரைக் கடித்திருக்குமோ என்று பானெட்டைத் திறந்தேன். புழுக்கை கிடக்கிறது, கடித்த தடம் தெரியவில்லை. இங்கே ஒருவர் கார்ப்ரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். எங்கிருந்து பார்ப்பது?

குடந்தை மெக்கானிக்:
தம்பி, இப்போதைக்குக் கார்ப்ரேட்டரில் கை வைக்க வேண்டாம். செல்ஃப் சத்தம் எப்படி இருக்கிறது? வழக்கத்தைவிட வேகமாக, சுமையே இல்லாமல் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகம்), பெட்ரோல் பம்ப் இரண்டுமே அந்த பெல்ட் சுற்றும் கேம் ஷாஃப்டிலிருந்து ஓடுபவை. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றிவிட்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ரோட்டார் சுற்றினால் பெல்ட் அறுந்து போகவில்லை. சுற்றாவிட்டால் அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். ஈரமாக பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் வரவில்லை என்று பொருள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஆறவிடுங்கள்.

கமலாலயம்:
திருவாரூரிலிருந்து எழுதுகிறேன். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கால்வாசி டாங்கோடு மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கிவிட வாய்ப்பு உண்டு. பழைய ரப்பர் ஹோஸும் அதில் ஊறி விரிசல் விடும். பம்புக்குப் போகும் ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வைத்தால், தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தெரியும். பாட்டிலைத் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, ரோட்டார் சுற்றுகிறது. பிளக் நனைந்திருக்கிறது, நல்ல பெட்ரோல் வாடை. பாட்டிலில் தண்ணீர் இல்லை, ஹோஸும் பரவாயில்லை. அடுத்து?

குடந்தை மெக்கானிக்:
பாதி வேலை முடிந்தது. கரண்ட் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கழற்றிய பிளக்கை அதன் ஒயரிலேயே மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜினில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். பிளக் கழற்றிய ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். ஒயரைக் கையால் பிடிக்காமல் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடியுங்கள். செல்ஃப் அடிக்கும்போது நீல நிறத்தில் பட்டென்று பொறி வந்தால் சரி. சிவப்பாக மெலிந்து வந்தாலோ வராவிட்டாலோ, காயிலிலிருந்து (பொறிக்கு வேண்டிய அதிக வோல்ட்டைத் தரும் பாகம்) கேப் நடுவுக்கு வரும் தடித்த ஒயரை எடுத்து, அதன் முனையை இன்ஜின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் அருகில் வைத்து அதேபோல் பாருங்கள். அங்கே பொறி வந்து பிளக்கில் வராவிட்டால் குற்றம் கேப்பிலோ ரோட்டாரிலோ பிளக் ஒயரிலோ பிளக்கிலோ. அங்கேயும் இல்லாவிட்டால் காயிலுக்குச் சாவி போட்டதும் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லைட்டில் பார்க்க வேண்டும்.

பாபநாசம் ரோடு:
இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது எம்பிஎஃப்ஐ (கார்ப்ரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) மாருதி ஜென். இதே பிரச்சினை வந்தால் எப்படிப் பார்ப்பது?

குடந்தை மெக்கானிக்:
அதில் பம்ப் டாங்குக்குள் இருக்கும். சாவியை ஆனில் வைத்ததும் பின் சீட் பக்கம் இரண்டு மூன்று விநாடி உறுமல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் ஒயர் என்ற வரிசையில் போங்கள். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அறுவடை முடிந்து வயலில் இரை குறைந்ததும் எலி வீட்டுப் பக்கம் வரும், இன்ஜின் சூட்டில் கூடு கட்டும்.

வெண்ணாற்றங்கரை:
காயில் ஒயரில் நீலப் பொறி நன்றாக வருகிறது. பிளக்கில் ஒன்றுமே இல்லை. கேப்பைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து அடுத்த முனைவரை பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. நடுவில் இருக்கும் கரி தேய்ந்து குட்டையாகிவிட்டது.

குடந்தை மெக்கானிக்:
அந்தக் கோடுதான் வினை. மழை ஈரமும் மார்கழிப் பனியும் கேப்புக்குள் வேர்த்து நிற்கும், கரண்ட் அந்த ஈரத்தில் வழி பிடித்து எரித்து, கரிக்கோடு போட்டுவிடும். அதன் வழியே கரண்ட் கசிந்துவிடுகிறது. வெறும் ஈரம் என்றால் காயவைத்தாலே போதும், கோடு விழுந்ததைச் சுரண்டி ஓட்டினால் திரும்ப விழும். நடுக்கரியும் தேய்ந்ததால் காயில் கரண்ட் ரோட்டாருக்கே சரியாகப் போய்ச் சேராது. கேப், ரோட்டார் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகப் புதிதுக்கு மாற்றுங்கள். இந்த இன்ஜினில் மூன்று சிலிண்டரும் எரியும் வரிசை 1-3-2. ஒயர் மாறினால் இன்ஜின் படபடவென்று அடிக்கும். நனைந்த பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடியில் இரண்டும் கிடைத்தன. மாட்டியதும் முதலில் கொஞ்சம் திக்கியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. சோக்கை மெல்ல உள்ளே தள்ளினேன், இப்போது சீராக ஓடுகிறது. கார்ப்ரேட்டரைத் தொடவே இல்லை. அம்மாவை நாளைக்குக் கூட்டிப்போகிறேன். ரொம்ப நன்றி அண்ணே. கமலாலயம் ஐயா, டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை என்ன செய்வது?

கமலாலயம்:
தண்ணீர் இல்லாததால் வடிக்க வேண்டாம். புது பெட்ரோலை நிரப்பிக் கலந்து ஓட்டித் தீர்த்துவிடுங்கள். பெட்ரோல் ஃபில்டரை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.