டூனாவில மூண்டு பேர் மாட்டுப்பட்டு நிக்கினம்: தாங்கி பாதிக்கு மேல நிறைஞ்சிருக்கு, டெல்டா வி 390 தான் காட்டுது

மல்லாவிப் பொடியன்:
வணக்கம் அண்ணையாக்கள், அக்காக்கள். கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் எண்ட ரொக்கெற் விளையாட்டு, 1.12 பதிப்பு, மொட் (வெளியாக்கள் செய்த மேலதிகச் சாமான்) ஒண்டும் போடேல்ல. ஜெப், பில், பொப் மூண்டு பேரும் டூனாக் கிரகத்தைச் சுத்தி 70 கிலோமீற்றர் உயரத்தில நிக்கினம். லாண்டர் (தரையில இறங்குற கலம்) இறங்கி, கொடி நட்டு, மேல வந்து தாய்க்கப்பலோட பூட்டியாச்சு. இனி வீட்ட வரோணும். டெல்டா வி (கப்பலின்ர வேகத்தைச் செக்கனுக்கு எத்தினை மீற்றர் மாத்தலாம் எண்ட கணக்கு) வரைபடத்தில திரும்பி வர 610 அளவில வேணும் எண்டு கிடக்கு, எனக்கு 390 தான் காட்டுது.

தாங்கியை ரைட் கிளிக் பண்ணினால் ஒரு பட்டை துளியும் குறையாமல் முழுசா நிக்குது. அதை ஏன் என்ஜின் எடுக்குதில்லை எண்டு விளங்கேல்ல. பக்கோ?

தாய்க்கப்பலில நேர்வ் என்ஜின் ஒண்டு, எக்ஸ்200-32 தாங்கி ஒண்டு, மூண்டு பேர் இருக்கிற எம்கே1-3 கூடு. லாண்டரில ரெரியர் என்ஜினும் எஃப்எல்-ரி800 தாங்கியும். இஞ்ச பின்னேரத்தில கரண்ட் நிண்டு நிண்டுதான் வருது, பதில் பிந்தினால் கோவிக்காதேங்கோ.

குளக்கட்டு:
தம்பி, பழைய சேவ் ஒண்டை எடுத்து, இன்னொரு தாங்கியையும் பூட்டித் திரும்ப ஏவு. எரிபொருள் காணாட்டி தாங்கியைக் கூட்டுறதுதான் வழி.

ஒட்டுசுட்டான் கராஜ்:
தாங்கி கூட்ட முதல் இருக்கிறதில என்ன கிடக்கு எண்டு பாப்பம். தம்பி, மேல வலப்பக்க மூலையில ரிசோர்ஸ் பட்டனை அமத்தி, லிக்குவிட் ஃபியூவல் எவ்வளவு, ஒக்ஸிடைசர் (எரிபொருளை எரிய வைக்கிற சாமான்) எவ்வளவு எண்டு ரெண்டையும் தனித்தனியாப் போடு. லாண்டரின்ரயும் வேணும். டூனாவுக்குப் போய்ச் சேரேக்க காற்றில உரசி வேகம் குறைச்சனியோ, என்ஜினைப் போட்டோ?

மல்லாவிப் பொடியன்:
தாய்க்கப்பல்: லிக்குவிட் ஃபியூவல் 220/1440, ஒக்ஸிடைசர் 1760/1760.
லாண்டர்: லிக்குவிட் ஃபியூவல் 105/360, ஒக்ஸிடைசர் 129/440.
காற்றில உரசித்தான் நிப்பாட்ட இருந்தனான். டூனாவின்ர சந்திரன் ஐக் குறுக்க வந்து பாதையை இழுத்துப் போட்டுது. அதால என்ஜினைப் போட வேண்டி வந்திட்டுது.

ஒட்டுசுட்டான் கராஜ்:
பக் இல்லைத் தம்பி. ஒக்ஸிடைசரில ஒரு அலகு கூடக் குறையேல்ல பார். நேர்வ் அணு என்ஜின். அதுக்குள்ள ஒண்டும் எரியிறேல்ல. அணு உலை வாயுவைச் சூடாக்கும், அது பின்னால பீறிட்டு வரும், அதுதான் உந்துவிசை. எரியாத இடத்தில ஒக்ஸிடைசருக்கு என்ன வேலை? அமெரிக்காக்காரர் 1960களில நெர்வா எண்டு இப்பிடி ஒண்டை நிலத்தில பூட்டி வைச்சு ஓட்டிப் பாத்தவை. ஐதரசன் மட்டும்தான் உள்ள போனது. 1973இல திட்டத்தை நிப்பாட்டிட்டினம், அது விண்ணுக்குப் போகவே இல்லை.

ஒக்ஸிடைசர் ஒரு அலகு 5 கிலோ. 1760 அலகு எண்டால் 8.8 தொன். எங்கட வீட்டுக் கிரகம் கேர்பினில இருந்து டூனா மட்டும் அதைச் சும்மா காவிக்கொண்டு போயிருக்கிறாய். யுத்த காலத்துப் பெற்றோல் தடை நேரம் ஒரு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின ஆக்கள் நாங்கள். எந்த என்ஜின் எதைக் குடிக்கும் எண்டு கேக்காமல் மூடி திறக்க மாட்டம்.

குளக்கட்டு:
ஓ, அப்ப தாங்கி கூட்டினால் பாரம்தான் கூடும். சரி, ரெரியர் ஒக்ஸிடைசரைக் குடிக்கும் தானே? லாண்டரைக் கழட்டாமல் ரெரியராலேயே முழுக் கப்பலையும் தள்ளினால் என்ன? 8.8 தொன்னில கொஞ்சமாவது குறையுமே.

வற்றாப்பளை:
நல்ல யோசனை, ஆனால் மட்டுமட்டாக் காணாது. தாங்கியளின்ர பாரத்தை விளையாட்டில இருக்கிறபடி எடுத்து, மிச்சத்தை நிதானமாப் போட்டுப் பாத்தன். இப்ப முழுப் பாரம் 22.5 தொன் அளவில வருது. இருக்கிற 325 லிக்குவிட் ஃபியூவலையும் அதுக்கேத்த 397 ஒக்ஸிடைசரையும் ரெரியரில எரிச்சால், அதின்ர ஐஎஸ்பி (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாப் பாவிக்குது எண்ட அளவு) 345, கிடைக்கிறது 590. வேணுமெண்டது 610. நேர்வின்ர ஐஎஸ்பி 800, அந்த 325ஐயும் அதுக்குக் குடுக்கிறதுதான் லாபம்.

லாண்டரைக் குப்பை வாளியாப் பாவி தம்பி. முதல்ல மூண்டு பேரையும் கூட்டுக்குள்ள எடு. பிறகு ஒரு தாங்கியை ரைட் கிளிக் பண்ணி, ஓல்ற்றை அமத்திக்கொண்டு மற்றதையும் ரைட் கிளிக் பண்ணு, ரெண்டு சாளரமும் திறந்து நிக்கும். லாண்டரின்ர 105 லிக்குவிட் ஃபியூவலையும் தாய்க்கப்பலுக்கு ஏத்து. ஏத்தி முடிய, தாய்க்கப்பலின்ர ஒக்ஸிடைசரை லாண்டர் 440க்கு நிரம்பு மட்டும் இறக்கு. 311 அலகு போகும், ஒண்டரைத் தொன். அதோட லாண்டரைக் கழட்டி விடு. ஏத்தாமல் சும்மா கழட்டினால் 490 தான் வரும்.

பிறகு உன்ர கப்பல் 17.3 தொன். எரிச்சு முடிய 15.675. 800ஐ 9.81ஆல பெருக்கி, 17.3/15.675இன்ர இயற்கை மடக்கையால பெருக்கினால் 775க்குக் கிட்ட. வீட்ட வரலாம்.

கரியர் முறையில (காசு சேத்து ஒவ்வொண்டாத் திறக்கிற முறை) விளையாடினால் ஆராய்ச்சிக் கூடத்தைத் தரம் கூட்டியிருக்கோணும், இல்லாட்டி உந்த ஏத்தி இறக்கல் வராது.

ஒட்டுசுட்டான் கராஜ்:
பிள்ளை சொன்னது சரி. டிரெயின் வால்வ் எண்டு ஒரு சாமான் விளையாட்டின்ர 1.9 பதிப்பில வந்தது, அது பூட்டியிருந்தால் முழு ஒக்ஸிடைசரையும் வெளியில ஊத்தியிருக்கலாம். இனிப் போற கப்பலில ஒண்டு பூட்டி விடு.

மல்லாவிப் பொடியன்:
அக்கா, செய்து பாத்தன், 772 காட்டுது!! நன்றி, நன்றி. இப்பவே எரிக்கட்டோ?

வற்றாப்பளை:
அவசரப்படாத. 610 எண்டது சரியான நேரத்தில வெளிக்கிட்டால்தான். சூரியனில இருந்து பாக்க, கேர்பின் டூனாவுக்கு 75 பாகை பின்னால நிக்கோணும். பயணம் கேர்பின் நாளில 300 அளவு, அதுக்குள்ள கேர்பின் 255 பாகை ஓடி வந்து உன்னைப் பிடிக்கும். விளையாட்டில சாப்பாடு தண்ணி கணக்கில்லை, ஆக்கள் எவ்வளவு காலமும் நிப்பினம். வோர்ப் (நேரத்தை வேகமா ஓட்டுறது) போட்டு விட்டிட்டு போய்த் தேத்தண்ணி குடி. வெளிக்கிடுற பாதையில ஐக் நிக்குதோ எண்டும் பார், அது இன்னொருக்கா இழுத்தால் 160 மீற்றர் மிச்சத்தில திருத்துறது கஷ்டம்.

குளக்கட்டு:
அடுத்த முறைக்கு என்ன செய்யோணும்? நானும் ஒரு நேர்வ் கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறன்.

ஒட்டுசுட்டான் கராஜ்:
கட்டுற இடத்திலேயே தாங்கியை ரைட் கிளிக் பண்ணி ஒக்ஸிடைசர் பட்டையை 0க்கு இழுத்து விடு. தம்பியின்ர அதே கப்பல், ஒக்ஸிடைசர் இல்லாமல் போயிருந்தால் கேர்பின் சுற்றுப்பாதையில இருந்து 2,040க்குப் பதிலா 3,000 வந்திருக்கும். அதிலும் நல்லது, விமானச் சாமானுக்குள்ள இருக்கிற எம்கே1 லிக்குவிட் ஃபியூவல் தாங்கி. 400 அலகு பிடிக்கும், வெறும் பாரம் கால் தொன் தான். எக்ஸ்200-32ஐப் பாதி வெறுமையா அனுப்பினால் 2 தொன் தகரத்தைச் சேத்துத்தான் அனுப்புறாய்.

மல்லாவிப் பொடியன்:
வெளிக்கிட்டாச்சு, கேர்பினுக்கு நேர வருது. வந்து சேரேக்க எவ்வளவு உயரத்துக்கு விடுறது? மிச்சம் 130 கிடக்கு.

ஒட்டுசுட்டான் கராஜ்:
பாதையின்ர கீழ்ப்புள்ளியை 32 கிலோமீற்றர் அளவில வை. அந்த 130ஐ அதைத் திருத்த மட்டும் பாவி. காற்று 70இல தொடங்கும். அதுக்கு முதல் நேர்வையும் தாங்கியையும் கழட்டி விட்டிட்டு, வெப்பக் கவசம் முன்னுக்கு நிக்கிற மாதிரிக் கூட்டைத் திருப்பிப் பிடி. வேகம் இறங்கு மட்டும் பாராசூட்டில கை வைக்காத.