மறு: ‘அநாதைக் கம்பி’ வேண்டாம், ‘மறைமுனைக் கம்பி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

எங்கே போகிறது என்று தெரியாத வயருக்கு ‘அநாதைக் கம்பி’ என்று ஒரு சொல், தமிழ்க் கலைச்சொற்களைப் பேசும் நம் குழுவில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. கேட்டதும் மனதில் நிற்கிற சொல்தான். ஆனால் அது கலைச்சொல் பட்டியலில் ஏறக்கூடாது என்று நினைக்கிறேன். ஏன் என்பதை, போன வசந்தத்தில் நானும் மச்சானும் ஒரு பழைய மோட்டார் படகோடு பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சிம்கோ ஏரியில் ஓட்டவென்று மச்சான் வாங்கிய 19 அடிப் படகு அது. 1990களில் கட்டியது, உள்ளே பெட்ரோல் எஞ்சின். பல கை மாறி வந்ததால் ரேடியோ, மீன்காட்டி, விளக்கு என்று ஆளுக்கொன்றைப் பூட்டியும் கழற்றியும் விட்டிருந்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பலகையைக் கழற்றினால் ஒரு கூடை வயர். அதில் ஏழு வயர்களின் நுனி அந்தரத்தில் தொங்கியது.

“இது ஒண்டிலயும் கொழுவேல்ல, வெட்டி எறிவம்” என்று மச்சான் கட்டரை எடுத்தார். பொறுங்கள் என்று சொல்லி, பேட்டரியின் பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு, வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். ஆறு வயரில் ஒன்றுமில்லை. ஒரு பழுப்பு வயரில் மட்டும் 12.6 வோல்ட். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப் இருக்கிறதே, அதன் சுவிட்சுக்கு நேரே பேட்டரியிலிருந்து வந்த வயர் அது. படகைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் பம்ப் ஓடவேண்டும் என்பதால் பிரதான சுவிட்சைத் தொடாமல் இணைப்புக் கொடுப்பது வழக்கம். வெட்டும்போது கட்டர் பக்கத்தில் இருந்த கறுப்பு நெகட்டிவ் வயரிலும் பட்டிருந்தால் பொறி பறந்திருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த்தான் தங்கும்.

மஞ்சள் வயர் இன்னொரு மாதிரி. மீட்டரில் அது செத்துக் கிடந்தது, ஆனால் அதன் அடுத்த நுனி எஞ்சின் அறையில் இருக்கும் காற்றோட்ட விசிறியில் இருந்தது. இப்படிப்பட்ட எஞ்சினைக் கிளப்பும் முன் நான்கு நிமிடம் அந்த விசிறியை ஓட்டி ஆவியை வெளியேற்ற வேண்டும். யாரோ அதன் சுவிட்சைக் கழற்றிவிட்டு வயரை அப்படியே விட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல படகுகள் பின்பற்றும் ஏபிஒய்சி (படகுகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் அமெரிக்க அமைப்பு) நிறமுறையில் கறுப்பைப் போலவே மஞ்சளும் நெகட்டிவ் வயருக்கு உரியது. பழைய படகுகளில் அதே மஞ்சள் விசிறிக்குப் போகும். நிறத்தை மட்டும் நம்பி மஞ்சளைக் கறுப்போடு சேர்த்து முறுக்கியிருந்தால், அந்த விசிறி இன்னொரு முறை ஓடியிருக்காது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘அநாதை’ என்றால் யாரும் இல்லாதது. அந்த இரண்டு வயருக்கும் ஆள் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. சொல்லே ‘இதற்கு ஒருவரும் இல்லை’ என்று தீர்ப்பு எழுதிவிட்டால், கை தானாகக் கட்டரை எடுக்கும். அதனால் இரண்டு நிலைகளுக்கும் இரண்டு சொல் வேண்டும். அடுத்த நுனி இன்னும் தெரியாதது ‘மறைமுனைக் கம்பி’. இரண்டு நுனியையும் பார்த்து, இரண்டும் எதிலும் இல்லை என்று உறுதியான பிறகு அது ‘கைவிட்ட கம்பி’. ‘கைவிட்ட கம்பி’யைச் சுருக்கி ‘விடுகம்பி’ எனலாமே என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். விடுகதையோடு சேர்ந்து ‘விடை காணவேண்டிய கம்பி’ என்று காதில் விழுகிறது, அதாவது நேர் எதிர்ப்பொருள். வேண்டாம்.

அந்த நுனியைத் தேடும் வேலைக்கு ‘தடங்காணல்’ என்று ஒரு ஐயா எழுதியிருந்தார். நல்ல தமிழ், ஆனால் நாம் தடத்தைக் காண்பதே இல்லை. வயர் தரைப் பலகைக்கு அடியில் போய் மறைந்துவிடுகிறது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, 25 அடி நீளமான ஒரு தனி வயரை மீட்டரில் பூட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று இருந்து, இரண்டு நுனியும் ஒரே வயர்தான் என்று மீட்டர் ‘பீப்’ ஒலி எழுப்பியதும் இரண்டிலும் ஒரே எண்ணை ஒட்டுகிறோம். காண்பது முனையைத்தான். எனவே ‘முனைகாணல்’. ஒன்று கவனிக்க வேண்டும்: பம்ப் மோட்டாரோ பல்போ நடுவில் இருந்தால் அதன் வழியாகவும் பீப் வரும். அதைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சில வயர்கள் தாமே முனையைச் சொல்லிவிடும். இளஞ்சிவப்பு வயருக்கும் நெகட்டிவுக்கும் இடையே மின்தடையை அளந்தோம், ஏறத்தாழ 150 ஓம். அமெரிக்க முறையில் எரிபொருள் தொட்டியின் உணரி காலியாக இருந்தால் 240 ஓம், நிறைந்திருந்தால் 33 ஓம் காட்டும். மூடியைத் திறந்து பார்த்தோம், தொட்டியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்ரோல் இருந்தது. நிறமும் அளவும் ஒத்துப்போனால் நம்பலாம்.

‘கனெக்டர்’ என்பதற்கு இணைப்பி என்ற சொல் நிலைத்துவிட்டது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ‘ஆண், பெண்’ என்று பிரிப்பதை விட்டு ‘முளை இணைப்பி’, ‘குழி இணைப்பி’ எனலாம். பார்த்த உடனே எது எது என்று தெரியும். வயர்களைச் சேர்த்துக் கட்டி வருவதை ஆங்கிலத்தில் ‘ஹார்னெஸ்’ என்பார்கள், அதைச் ‘சேணம்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம், குதிரைதான் நினைவுக்கு வரும். ‘கம்பிக்கற்றை’ போதும்.

ஏழில் ஐந்துக்கு முனை கண்டாயிற்று. மற்ற இரண்டையும் வெட்டவில்லை. நுனிக்கு வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு மூடி, அரை அங்குல ஒட்டுத்தாளில் ‘ம.மு. 1’, ‘ம.மு. 2’ என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்த அளவுக்குள் அடங்கியதும் இந்தச் சொல்லை எனக்குப் பிடிக்க ஒரு காரணம்.

அப்புறம் ஒரு கேள்வி. படகின் முன்பக்கத்துக்கு ‘அணியம்’ என்ற சொல் கடலோரத்தில் இருக்கிறது. அடியில் தண்ணீர் தேங்கும் அந்தக் குழிக்கு உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்? ஆங்கிலத்தில் உள்ளபடி ‘பில்ஜ்’ என்று எழுதவோ புதிதாக ஒன்றைக் கட்டவோ தொடங்கும் முன், கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள்.