டிசம்பர் லீவுக்குப் பனிச்சறுக்கு மலை: லெசோத்தோ கிளம்பும் முன்

டர்பனுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் டிசம்பர் நெருங்கினாலே கேட்பது இதுதான், பிள்ளைகளுக்குப் பனி காட்ட லெசோத்தோவில் இருக்கும் ஆஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்கு விடுதிக்குப் போகலாமா என்று. தாராளமாகப் போகலாம், பனிதான் இருக்காது. சறுக்கு சீசன் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, டிசம்பர் இங்கே நடுக்கோடை. இதைப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், மலை ஏறிய பிறகு அழுகையைச் சமாளிப்பது பெரும்பாடு.

அப்புறம் எதற்குப் போவது? டிசம்பர் பாதிக்கு மேல் ஜோஹன்னஸ்பர்க்கே டர்பன் கடற்கரைக்கு இறங்கி வந்துவிடும், கார் நிறுத்த இடம் கிடைக்காது, புழுக்கம் வேறு. க்ரூகர் வனவிலங்குப் பூங்கா பக்கம் போனால் அந்த மாதத்தில் மலேரியா மாத்திரை பற்றி யோசிக்க வேண்டும், இந்த மலையில் அந்தத் தொல்லை கிடையாது. விடுதி இருப்பது 3,000 மீட்டருக்கும் மேலே, நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 தான். கோடையில் சறுக்குச் சரிவெல்லாம் புல்தரை, நடக்கலாம், மலைச் சைக்கிள் ஓட்டலாம். எதெது திறந்திருக்கும் என்று அறை போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், குளிர்காலக் கூட்டத்துக்காக நடத்துவதையெல்லாம் கோடையிலும் நடத்த மாட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம். லெசோத்தோவைச் சுற்றி நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா என்றாலும் அது தனி நாடு, நம் தென்னாப்பிரிக்க விசா அங்கே செல்லாது, அவர்களுடைய விசா விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் அவர்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் தென்னாப்பிரிக்க விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று அச்சடித்திருப்பதை எடுத்துப் பாருங்கள். ஒரே முறை என்றிருந்தால் எல்லையைத் தாண்டிய கையோடு அந்த விசா முடிந்தது, திரும்பி உள்ளே வர வழியில்லை, அதுவும் சுற்றிலும் இந்த நாடே இருக்கும்போது! அப்படிப்பட்டவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமே கிளாரன்ஸில் தங்கி கோல்டன் கேட் பூங்காவைப் பார்த்தால் போதும், மலைக்கு அங்கேயும் குறைச்சல் இல்லை. பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ், அப்பாவோ அம்மாவோ கூட வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதம், வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அந்தக் கம்பெனி தரும் அனுமதிக் கடிதம், இவை எல்லாம் ஒரே உறையில் கையில் இருக்கட்டும்.

டர்பனிலிருந்து வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித், கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க் வழியாகக் கலிடன்ஸ்பூர்ட் எல்லைக்குப் போங்கள். சானி கணவாய் கிட்டத்தில் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், அது நாலு சக்கர இழுவை வண்டிக்கான பாதை. எல்லை தாண்டி புத்தா-புத்தேயில் டாங்கை நிரப்பிவிட்டு மொட்டெங் கணவாயில் ஏறுங்கள். தார் ரோடுதான், ஆனால் செங்குத்து, வளைவுக்கு வளைவு மாடும் ஆடும் குறுக்கே வரும். அந்த உயரத்துக்காற்றில் டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட முப்பது சதவீத வலுவை இழந்துவிடும், ஐந்து பேரும் மூட்டையும் ஏறிய சின்ன வாடகைக் கார் மூச்சு வாங்கும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் இரண்டாம் கியரில் விடுங்கள்.

முதல் நாள் தலைவலி வரலாம். தண்ணீர் நிறையக் குடித்து, ஓடியாடாமல் இருங்கள். இதய நோய், மூச்சுக்கோளாறு உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. சமையல் வசதியுள்ள அறை எடுத்தால் குக்கரை மறக்காதீர்கள், அங்கே தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் வைத்த துவரம்பருப்பு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேகாது. டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் வாங்கிய பருப்பென்றாலும் அதே கதைதான். கோடை மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும், வெட்டவெளி மலை என்பதால் நடையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பகலில் சன்ஸ்கிரீன், ராத்திரிக்கு ஸ்வெட்டர், இரண்டும் வேண்டும்.

அங்கே தென்னாப்பிரிக்க ரேண்ட் செல்லும், லெசோத்தோவின் சொந்தப் பணமான லோட்டியும் அதே மதிப்புதான். ஆனால் லோட்டி இந்தப் பக்கம் செல்லாது, அதனால் கடைசி நாளில் கடைக்காரரிடம் மீதியை ரேண்டாகவே கேட்டு வாங்குங்கள்.