டிஎம்ஏ போட்டதும் திரையில் வெள்ளைக் கீற்றுகள் (விண்டோஸ் 98)

கேள்வி:
வணக்கம். பழைய பென்டியம் 3 கணினி ஒன்று வைத்திருக்கிறேன். பிசி100 ராம், மதர்போர்டிலேயே கிராபிக்ஸ், சிஆர்டி மானிட்டர். என் நெகட்டிவ் ஸ்கேனரின் டிரைவர் விண்டோஸ் 98இல்தான் ஓடும் என்பதால் இதை விட முடியவில்லை. அப்பா எடுத்த நெகட்டிவ்களை எல்லாம் இதில்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஹார்ட் டிஸ்க் ரொம்ப மெதுவாக இருந்தது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் செட்டிங்ஸுக்குப் போய் டிஎம்ஏ (பிராசஸரை இழுக்காமல் டிஸ்க்கும் ராமும் நேராகத் தரவு மாற்றிக்கொள்ளும் முறை) கட்டத்தில் டிக் போட்டேன். வேகம் நன்றாகவே கூடியது. ஆனால் பெரிய ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் திரையில் குறுக்காக வெள்ளைக் கீற்றுகள் வெட்டி வெட்டி வருகின்றன. சில நேரம் படம் முழுவதும் ஒரு கணம் பக்கவாட்டில் நகர்ந்து திரும்புகிறது. டிஸ்க் விளக்கு அணைந்ததும் எல்லாம் சரியாகிவிடும். டிக்கை எடுத்தால் கீற்றே இல்லை. வேறு மானிட்டர் மாட்டிப் பார்த்தேன், அதிலும் இப்படித்தான். ஸ்கேன் செய்த படங்கள் கெட்டுப்போகுமோ என்பதுதான் என் பெரிய கவலை.

பதில் 1:
முதலில் ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் ஐடிஇ கேபிளைப் பாருங்கள். அல்ட்ரா டிஎம்ஏ 33 (நொடிக்கு 33 எம்பி) வேகம் வரை 40 கம்பி கேபிள் போதும். 66க்கோ அதற்கு மேலோ போனால் 80 கம்பி கேபிள் கட்டாயம் வேண்டும். இரண்டுக்கும் முனையில் அதே 40 ஊசிதான் என்பதால் பலர் கவனிப்பதில்லை. ரிப்பன் நெருக்கமான மெல்லிய கோடுகளாக இருந்தால் அது 80.

பதில் 2:
கேபிள் பார்ப்பது நல்லதுதான். ஆனால் கேபிள் கெட்டால் பாதிப்பு ஃபைலில் தெரியும், திரையில் தெரியாது. அல்ட்ரா டிஎம்ஏவில், கேபிள் வழியில் தரவு கெட்டால் கண்டுபிடிக்கும் சிஆர்சி சரிபார்ப்பும் உண்டு.

தம்பி, ஒரு சோதனை செய்யுங்கள். கீற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தி, பெயிண்டில் ஒட்டிப் பாருங்கள். அதில் கீற்று விழுந்திருந்தால் மெமரியில் இருக்கும் படமே கெடுகிறது என்று பொருள், அது ஆபத்து. விழவில்லை என்றால் படம் பத்திரமாக இருக்கிறது, மானிட்டருக்குப் போகும் வழியில்தான் கோளாறு.

அப்புறம் ஒரு பெரிய ஃபைலை நகல் எடுத்து, டாஸ் விண்டோவில் எஃப்சி கட்டளையோடு ஸ்லாஷ் பி சேர்த்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். இந்த இரண்டும் முடியும்வரை புதிதாக எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். திரையின் ரெசல்யூஷன், நிறம், ரிஃப்ரெஷ் ரேட் என்ன?

கேள்வி கேட்டவர்:
கேபிள் 80 கம்பிதான். பிரிண்ட் ஸ்கிரீனில் கீற்று விழவே இல்லை, படம் சுத்தமாக இருக்கிறது. எஃப்சியும் வேறுபாடு இல்லை என்றது. திரை 1024×768, 32 பிட், 85 ஹெர்ட்ஸ்.

பதில் 2:
அப்படியானால் உங்கள் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிம்மதியாக இருங்கள்.

உங்கள் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. திரையில் காட்ட வேண்டியதை ஓயாமல் ராமிலிருந்தே வாசிக்க வேண்டும். 1024×768 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், நொடிக்கு 85 முறை: ஏறக்குறைய 267 எம்பி. பிசி100 ராமின் உச்ச வேகமே நொடிக்கு 800 எம்பிதான்; நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது.

முன்பு பிஐஓ முறையில் பிராசஸரே டிஸ்க்கிலிருந்து துளித்துளியாக எடுத்து ராமில் வைத்தது. அதனால்தான் அவ்வளவு மெதுவு. டிஎம்ஏவில் டிஸ்க் கண்ட்ரோலர் நேராக ராமைப் பிடித்து மொத்தம் மொத்தமாகத் தள்ளுகிறது. கிராபிக்ஸ் சிப்புக்குள் இருப்பது சின்னத் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு இடைச்சேமிப்பு. ராமில் தன் முறை வரத் தாமதமானால் அது வற்றிவிடும். வற்றிய நொடியில் மானிட்டருக்குப் போவது குப்பை. அதுதான் உங்கள் வெள்ளைக் கீற்று.

டிஎம்ஏவை எடுக்காதீர்கள். திரையின் சுமையைக் குறையுங்கள். 16 பிட், 75 ஹெர்ட்ஸ் வைத்தால் 118 எம்பிதான் வரும்.

பதில் 3:
பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பிசிஐ லேட்டன்சி டைமர் 64 அல்லது அதற்கு மேல் இருந்தால் 32க்கு இறக்கிப் பாருங்கள். அப்போது ஒரே சாதனம் பஸ்ஸை (சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் தரவுப் பாதை) ரொம்ப நேரம் பிடித்து வைக்காது. எல்லா போர்டிலும் இது பலன் தராது, முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

கேள்வி கேட்டவர்:
16 பிட், 75 ஹெர்ட்ஸில் கீற்று அடியோடு போய்விட்டது! லேட்டன்சியை மட்டும் மாற்றியபோது குறைந்தது, போகவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். 16 பிட்டில் ஸ்கேன் செய்தால் படத்தின் நிறம் குறையுமா? பயாஸில் கிராபிக்ஸுக்கான பகிர்வு மெமரியைக் கூட்டினால் 32 பிட்டுக்கே திரும்பலாமா?

பதில் 2:
ஃபைலில் நிறம் குறையாது. ஸ்கேனர் கொடுப்பது அப்படியே சேமிக்கப்படும். திரையில் மட்டும் வானம், தோல் போன்ற இடங்களில் நிறம் படிப்படியாகப் பட்டை கட்டித் தெரியும். அதைப் பார்த்து ஸ்கேனைத் திருத்தாதீர்கள். நிறம் சரிசெய்யும் வேலை இருந்தால் 800×600, 32 பிட், 85 ஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். 163 எம்பிதான் ஆகிறது.

பகிர்வு மெமரியைக் கூட்டினால் இடம்தான் கூடும், வேகம் கூடாது. 1024×768இலேயே 32 பிட் வேண்டுமென்றால், சொந்த மெமரி உள்ள பழைய பிசிஐ கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடிப் போடுங்கள். போட்டதும் பயாஸில் முதல் டிஸ்ப்ளேயை பிசிஐ என்று மாற்றிவிட்டு, மானிட்டர் ஒயரை அந்தக் கார்டில் செருகுங்கள்.