ஆங்கில ஹைக்கூ: நான் எண்ணினால் 5-7-5, டீச்சர் எண்ணினால் 4-4-4. எங்கே பிசகுகிறது?

வேளச்சேரி அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்துக்கு வேடிக்கையாக ஒரு ஹைக்கூ எழுதி வரச் சொன்னார்கள். மூன்று வரி, 5-7-5 சிலபிள். போன வாரம் எங்கள் வீட்டில் எலி புகுந்து, மூடி வைத்திருந்த வடையைத் தின்றுவிட்டது. அதையே எழுதினாள்:

நைட், எ ஸ்மால் சவுண்ட்
மவுஸ் இன் அவர் ஹவுஸ்
ஃபவுண்ட் மை வடை

வார்த்தைகள் அவளுடையவை, விரல்விட்டு எண்ணியது நான். நைட்-எ-ஸ்மால்-ச-வுண்ட், ஐந்து. ம-வுஸ்-இன்-அ-வர்-ஹ-வுஸ், ஏழு. ஃப-வுண்ட்-மை-வ-டை, ஐந்து. நோட்டு திரும்பி வந்தபோது 'நல்ல கற்பனை, ஆனால் 4-4-4' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. இணையத்தில் சிலபிள் எண்ணும் கருவி ஒன்றில் போட்டுப் பார்த்தேன், 4-5-4 என்றது. இன்னொன்று 4-4-4 என்றது. திங்கள்கிழமை திருத்திக் கொடுக்க வேண்டும். அவள் சரியாகத்தான் எழுதினாள், எண்ணிக் கொடுத்த நான்தான் எங்கோ தவறியிருக்கிறேன். எப்படி எண்ணுவது என்று யாராவது சொல்லுங்கள்.

பெரம்பூர் வாசகி:
சிலபிள் என்றால் அசைதானே சார்? பள்ளியில் நேர், நிரை என்று படித்தோமே, அப்படியே பிரித்துப் பாருங்கள்.

மயிலை மரபுக்கவி:
அசை பிரித்தால் இன்னும் குழம்பும் அம்மா. 'வடை' நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு சிலபிள். குறிலும் குறிலும், குறிலும் நெடிலும் இணைந்தால் ஓர் அசை என்பது நம் யாப்பு. ஆங்கிலத்தில் அந்த இணைப்பு கிடையாது.

ஆனால் நம்மிடமே இதற்குப் பொருந்தும் கணக்கு ஒன்று உண்டு. கட்டளைக் கலித்துறை. அபிராமி அந்தாதி அந்த யாப்பில்தான் இருக்கிறது. அதில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. எண்ணும்போது புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிடுவோம். ஒற்று நீக்கி எண்ணுவது என்போம். மெய் போய்விட்டால் மிஞ்சுவது உயிர் ஒலிகள் மட்டும்தானே? ஆங்கிலக்காரர் சிலபிள் என்று எண்ணுவதும் பெரும்பாலும் அதைத்தான். 'ஸ்ட்ரெங்க்த்ஸ்' என்ற சொல்லில் புள்ளியையும் ஆய்தத்தையும் தள்ளுங்கள். 'ரெ' ஒன்றுதான் மிஞ்சும். ஆங்கிலத்திலும் அது ஒரே சிலபிள்.

அப்புறம் ஏன் உங்களுக்குப் பிசகியது? ஆங்கிலச் சொல்லை நாம் தமிழில் எழுதும் வழக்கத்தால். 'ஹவுஸ்' என்று எழுதினால் ஹ, வு என்று இரண்டு உயிர்மெய். ஆங்கிலத்தில் அந்த ஒலி உடையாமல் ஒரே மூச்சில் வருகிறது. பழைய பத்திரிகைகளில் 'ஹௌஸ்' என்று பார்த்திருப்பீர்கள். ஔகாரம் ஒரே எழுத்து, கணக்கும் ஒன்று. எனக்கு அந்த எழுத்தின் மேல் தனிப் பிரியம். இப்போது அதைக் கைவிட்டு வகர உகரம் போட்டுவிடுகிறோம். உங்கள் மகளின் பாட்டில் ஒவ்வொரு வரியிலும் அந்த ஒலி இருக்கிறது. சௌண்ட், மௌஸ், ஹௌஸ், ஃபௌண்ட் என்று எழுதி எண்ணுங்கள். 4-5-4 வரும்.

'ட்ரெயின்' கூட இப்படித்தான், ரெ-யி என்று இரண்டாகிவிடும். 'ட்ரெய்ன்' என்று எழுதினால் ஒன்று. இன்னொரு பொறி சொல்லின் தொடக்கத்தில் இருக்கிறது. தமிழில் மெய் முதலில் வராது என்பதால் கிளாஸ், பிளேட் என்று ஓர் இகரம் சேர்த்து எழுதுகிறோம். ஹைக்கூவுக்கு எண்ணும்போது மட்டும் க்ளாஸ், ப்ளேட் என்று எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ஸு, லைட்டு என்று கடைசியில் ஒட்டும் உகரத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஃபிலிம் நமக்கு இரண்டு, அவர்களுக்கு ஃபில்ம், ஒன்று.

அம்பத்தூர் ஆசிரியை:
ஐயா சொன்னதை நாளை என் வகுப்பிலேயே சொல்லப் போகிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி: புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை தடவை இறங்குகிறதோ, ஏறக்குறைய அத்தனை சிலபிள்.

4-4-4க்கும் 4-5-4க்கும் வித்தியாசம் 'அவர்' என்ற சொல்லால் வருகிறது. 'நம்முடைய' என்ற பொருளில் வரும் அந்தச் சொல்லை ஒரே சிலபிளாகவும் சொல்வார்கள், இரண்டாகவும் சொல்வார்கள். டீச்சர் சொன்னதும் தவறில்லை. ஃபயர், எவ்ரி, சாக்லேட், ஃபேமிலி எல்லாம் இந்த ரகம். திருத்திக் கொடுக்கும் பாட்டில் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

இறந்தகால வினையிலும் கவனம் வேண்டும். 'வாண்டட்' இரண்டு, 'வாக்ட்' ஒன்றுதான். டகர ஒலியில் முடியும் வினைக்கு மட்டுமே அந்த விகுதி ஒரு சிலபிளைக் கூட்டும்.

தரமணி நிரலாளர்:
கருவிகள் ஏன் மாறுபடுகின்றன என்று மட்டும் சொல்கிறேன். சில கருவிகள் உச்சரிப்பு அகராதியைப் பார்க்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அகராதி அப்படிப்பட்டது, 1,34,000க்கு மேல் சொற்கள் கொண்டது. அதில் ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு இருக்கும், எதை எடுப்பது என்பது கருவியைச் செய்தவர் முடிவு. வேறு சில, எழுத்துக் கூட்டலில் உள்ள உயிரெழுத்துகளைக் கொத்துக் கொத்தாக எண்ணி ஊகிக்கும். வடை, சுண்டல் போன்ற சொற்கள் வரும்போது உங்கள் காதை நம்புங்கள்.

கோடம்பாக்கத்தில் ஜப்பானிய மொழி படிப்பவர்:
ஜப்பானியர் எண்ணுவது சிலபிளே இல்லை. 'ஓன்' என்பார்கள், நம் மாத்திரைக்கு நெருக்கமானது. நெடிலுக்கு இரண்டு. புள்ளி எழுத்தையும் விடமாட்டார்கள், நாம் அரை மாத்திரை தருவதற்கு அவர்கள் ஒன்று தருவார்கள். நிப்போன் என்ற அவர்கள் நாட்டின் பெயர் நி-ப்-போ-ன், நான்கு. ஹைக்கூ என்ற சொல்லே அங்கே ஹ-இ-கு என்று மூன்று, ஆங்கிலத்தில் இரண்டு. ஆங்கிலத்தில் 17 சிலபிளுக்குள் இன்னும் அதிகமாகச் சொல்லிவிடலாம் என்பதால், அங்கே எழுதும் பலர் இப்போது 17க்குக் குறைவாகவே எழுதுகிறார்கள். பள்ளிப் பாடத்துக்கு 5-7-5 இருக்கட்டும், எண்ணிப் பழக நல்ல பயிற்சி.

எலியும் வடையும் வருவதால் இதைச் சென்ரியு என்றும் சொல்லலாம். பருவகாலச் சொல் தேவையில்லாத, மனிதர்களின் அன்றாடத்தைச் சிரிப்போடு சொல்லும் வகை. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கராய் சென்ரியுவின் பெயரால் வந்தது.

வேளச்சேரி அப்பா:
எல்லோருக்கும் நன்றி. மயிலை ஐயா, நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒற்று நீக்கி எண்ணிக்கொண்டே இருந்தோம். ஔ எழுத்தை அவள் இவ்வளவு ஆசையாக எழுதி நான் பார்த்ததில்லை. 'அவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டாள். புதியது:

மிட்நைட், எ ஸ்மால் சௌண்ட்
எ மௌஸ் ரேன் அரௌண்ட் த ஹௌஸ்
ஹி ஃபௌண்ட் மை வடை

5-7-5 வருகிறது. தாடையில் கை வைத்தும் பார்த்தோம். சரிதானே?

ஒரே ஒரு கேள்வி. அடுத்து பறக்கும் ரயில் பற்றி எழுதப் போகிறாளாம். முதல் வரியில் ஸ்டேஷன் பெயர் மட்டும் வர வேண்டும் என்கிறாள். திருவல்லிக்கேணி என்று வைத்தால் தி-ரு-வல்-லிக்-கே-ணி, ஆறாகிவிடுகிறது.

அம்பத்தூர் ஆசிரியை:
எலிப் பாட்டு சரியாக இருக்கிறது, அப்படியே கொடுங்கள். சௌண்ட், அரௌண்ட், ஃபௌண்ட் என்று ஓசை ஓடிவருவது அழகு.

மயிலை மரபுக்கவி:
சென்னையில் ஊருக்கு இரண்டு பெயர் இருப்பது இதற்கு வசதி. எழும்பூர் மூன்று, எக்மோர் இரண்டு. மயிலாப்பூர் தமிழில் நான்கு, ஆங்கிலத்தில் மூன்று. திருவல்லிக்கேணி ஆறு, ட்ரிப்ளிகேன் மூன்று. டிரிப்ளிகேன் என்று எழுதிவிடாதீர்கள், நான்காகிவிடும். வேளச்சேரியிலிருந்து வரும்போது அதற்கு முந்தைய ஸ்டேஷன் லைட் ஹௌஸ், இரண்டு. இரண்டையும் சேர்த்தால் ஐந்து. வரும் வரிசைப்படி 'லைட் ஹௌஸ், ட்ரிப்ளிகேன்' என்று வைக்கச் சொல்லுங்கள்.