பூட்டிய படகு, பூட்டிய ஊர்: 2020–21 குளிர்காலப் பராமரிப்பு அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

கால்வாய்ப் படகு வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான குளிர்காலம் என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் அடுப்பை மூட்டி, பேட்டரியைப் பார்த்து, பில்ஜை (படகின் அடியில் தண்ணீர் சேரும் இடம்) எட்டிப் பார்த்துவிட்டு வருவது. 2020–21இல் அந்த வழக்கம் அறுந்தது. இங்கிலாந்தில் நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை ஒரு கொரோனா முடக்கம். டிசம்பர் 19 மாலை அறிவித்து, விடிவதற்குள் லண்டனும் தென்கிழக்கும் நான்காம் அடுக்கில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டில். பிறகு ஜனவரி 6 முதல் மார்ச் 29 வரை வீட்டோடு இருக்கும் சட்டம், 82 நாள். வேல்ஸ் பக்கம் படகை நிறுத்திவிட்டு இங்கிலாந்தில் குடியிருந்தவர்களுக்கு நடுவில் ஒரு எல்லையும் முளைத்தது. “கிறிஸ்துமஸ் லீவில் போய்த் தண்ணீரை வடித்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

எது தாங்கியது, எது உடைந்தது, ஏன் என்பதை மட்டும் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

இரும்பு நேரோபோட் (ஒடுங்கிய கால்வாய்ப் படகு), 57 அடி, லாங்கோலன் கால்வாய்

மூன்று மாதம் ஒரு ஆளும் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டு பூட்டுங்கள். “இரண்டு வாரத்தில் வந்துவிடுவோம்” என்று பூட்டிய படகுகள்தான் பிப்ரவரியில் வெடித்தன.

முதல் வேலை தண்ணீர். முன்தொட்டியின் வால்வை மூடிவிட்டுப் பம்பை ஓடவிட்டு எல்லாக் குழாய்களையும் திறங்கள். காற்று வந்ததும் பம்பை நிறுத்தி, ஃபியூஸையே பிடுங்கிவிடுங்கள். உறைந்து வெடித்த குழாய் அன்றைக்கு ஒரு சொட்டுக்கூட விடாது, உள்ளே இருப்பது பனிக்கட்டி. இளகிய பிறகுதான் ஒழுகும். அப்போது வால்வு திறந்து, பம்பும் உயிரோடு இருந்தால் தொட்டியிலிருக்கும் 500 லிட்டரும் தரைப்பலகைக்கு அடியில் போய்ச் சேரும். குழாய்க்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. நனைந்த பலகையும் சுவருக்குள் ஊறிய காப்புப் பஞ்சும்தான் ஆளை அடித்துவிடும்.

ஷவர் மிக்ஸர்தான் முதலில் போகிற பொருள். சுவரை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் அந்தப் பித்தளை உடலுக்குள், கார்ட்ரிட்ஜைச் (சுடுநீரையும் குளிர்நீரையும் கலக்கும் உள்பாகம்) சுற்றி இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் நிற்கும். மற்ற எல்லாக் குழாயும் வடிந்தாலும் அது வடியாது. பல மாடல்களில் உள்வாயிலிலேயே ஒருவழி வால்வு இருப்பதால் ஹோஸ் வழியே ஊதினாலும் முழுக்க வராது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். அந்த இரண்டு கரண்டிக்கு விரிய இடமில்லாததால் கார்ட்ரிட்ஜின் பிளாஸ்டிக் பிளக்கும், சில நேரம் பித்தளையே மயிரிழையாக விரிசல் விடும். சுவரோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி மிக்ஸரையே கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது பம்புக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மாதிரியான சின்ன வடிகட்டிக் கிண்ணம். பிளாஸ்டிக், அதனால் சட்டென்று பிளக்கும். திருகிக் கழற்றிப் பக்கத்திலேயே வையுங்கள். சுடுநீர்த் தொட்டியைக் கீழேயுள்ள வடிகாலில் வடிக்கும்போது மேலே ஒரு சுடுநீர்க் குழாய் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகாமல் பாதியில் நின்றுவிடும். ஷவர் தட்டின் கீழே அழுக்குநீர் சேரும் சம்ப் பெட்டியைப் பலர் மறந்தே போகிறார்கள். அதில் அரை லிட்டர் ப்ரொப்பிலீன் கிளைக்கால் ஆண்டிஃபிரீஸ் (உறைதடுப்புத் திரவம்) ஊற்றி, அதன் பம்பை ஒருமுறை இழுக்கவிட்டால் பம்பின் டயஃப்ரம் (ரப்பர்ச் சவ்வு) பிழைக்கும். எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அது குடிதண்ணீர் வழியில் எங்கேயும் போகக்கூடாது.

எஞ்சின் குளிர்விப்பு ஸ்கின் டாங்க் (படகின் இரும்புச் சுவரை ஒட்டிய மூடிய தொட்டி) வழியாக ஓடும் படகில் எஞ்சினுக்குள் கால்வாய்த் தண்ணீர் வராது, ஆண்டிஃபிரீஸின் செறிவை மட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் போதும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரிவரை தாங்கும், மூன்றில் ஒரு பங்கென்றால் மைனஸ் 18 அளவில். 2021 பிப்ரவரி 11 அன்று ஸ்காட்லாந்தின் ப்ரேமாரில் மைனஸ் 23 பதிவானது. 1995க்குப் பிறகு பிரிட்டனில் அவ்வளவு குளிர் அதுதான். கால்வாய்கள் இருக்கும் பகுதிகளில் அவ்வளவு இறங்கவில்லை என்றாலும் “இங்கெல்லாம் மைனஸ் ஐந்தைத் தாண்டாது” என்ற கணக்கை நம்பி உட்காராதீர்கள். நீல ஆண்டிஃபிரீஸையும் சிவப்பையும் கலக்கவும் வேண்டாம். நிறம் உத்தரவாதம் இல்லை, கேனில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

மரீனா (படகுத்துறை) நிறுத்தம், கரைமின்சாரம் உள்ள படகு

மேலே எழுதிய ஐயாவுக்கு எங்களிடம் ஒரு சின்ன மறுப்பு இருந்தது, அந்தக் குளிர்காலத்தோடு போய்விட்டது. 230 வோல்ட் இணைப்பு இருந்தால் 5 டிகிரிக்கு வைத்த ஒரு ஹீட்டர் போதும், வடிக்கத் தேவையில்லை என்பதுதான் எங்கள் வரிசையில் பொதுவான எண்ணம். போய்வர முடிகிற காலத்தில் அது சரிதான். போக முடியாதபோது இரண்டு விதத்தில் கவிழும். ஒன்று, ஈரத்தில் ஆர்சிடி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துவிடும், தட்டிவிட ஆள் இல்லை. இரண்டு, பல மரீனாக்களில் மின்சாரம் முன்பணக் கார்டில் ஓடுகிறது. 500 வாட் ஹீட்டர் ஒரு நாள் முழுக்க எரிந்தால் 12 யூனிட். உறைபனி வாரத்தில்தான் அது ஓயாமல் எரியும், அந்த வாரத்தில்தான் கார்டும் காலியாகும். அதனால் வடித்துவிட்டு ஹீட்டரும் வையுங்கள். வடிப்பதற்குப் பதிலாக வைக்காதீர்கள்.

ஈரப்பதம் எடுக்கும் இயந்திரத்தில் கம்ப்ரஸர் வகை குளிர்ந்த படகில் உதவாது, அதன் கம்பிச்சுருளே உறைந்து நின்றுவிடும். ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிக்கன்ட் வகை வேண்டும். வாளியை நம்பாமல் அதன் குழாயை சிங்க்கில் விட்டுவிடுங்கள். கூரையிலிருக்கும் காளான் மூடித் துவாரங்களைக் “குளிர் வருகிறது” என்று துணி அடைத்து மூடிய படகுகளில்தான் ஏப்ரலில் மெத்தை முழுக்கப் பூஞ்சை. மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளி நெட்டுக்குத்தாக நிறுத்தி, எல்லா அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள்.

இன்னொன்று: கரைமின்சாரம் மாதக்கணக்கில் செருகியே இருந்தால் பூமிக்கம்பி வழியே பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து அரிப்பு ஓட்டம் ஓடும். அந்த ஓட்டத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் இல்லாத படகில், ஹல்லுக்குப் (படகின் உடல்) பதிலாகக் கரையவே பொருத்திய ஆனோடு சீக்கிரம் கரையும், அது தீர்ந்தால் அடுத்து ஹல்லின் இரும்புதான். நன்னீரில் மக்னீஷிய ஆனோடு, கடல்நீரில் துத்தநாகம். மாற்றிப் போட்டிருந்தால் இருந்தும் பயனில்லை.

ஃபைபர் க்ரூசர், தேம்ஸ்

இரும்புப் படகுக்காரர்களுக்கு எஞ்சின் கவலை குறைவு. ஆற்றுத் தண்ணீரை உள்ளிழுத்துக் குளிரும் எஞ்சின் என்றால் கதை வேறு. உறைந்தால் உள்ளிழுக்கும் நீரின் வடிகட்டிக் கிண்ணம் பிளக்கும், ஸீகாக் (படகின் அடியிலுள்ள நீர் நுழைவு வால்வு) திறந்திருந்தால் இளகியதும் ஆறே உள்ளே வரும். நேரோபோட்டில் வெடித்தால் தொட்டித் தண்ணீரோடு போகும், இங்கே படகே போகும்.

ஸீகாக்கை மூடுங்கள். வடிகட்டி மூடியைத் திறந்து, உள்ளிழுக்கும் ஹோஸைக் கழற்றி ஒரு வாளியில் விடுங்கள். வாளியில் பாதிக்குப் பாதி கலந்த ப்ரொப்பிலீன் கிளைக்கால் 10 லிட்டர். எஞ்சினைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் வாளி காலியாகும், எக்ஸாஸ்டில் நிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் இல்லாமல் ஆற்றுத் தண்ணீர் நேரே பிளாக்குக்குள் ஓடும் பழைய எஞ்சின் என்றால் இப்படிச் செய்வதற்கு முன்பே ஆற்றுத் தண்ணீரில் ஓட்டிச் சூடாக்கிவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்து தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் ஆண்டிஃபிரீஸ் பிளாக்குக்குள் போகாமல் சுற்றுவழியில் வெளியேறிவிடும். நிறம் வந்தது என்று மனநிறைவோடு பூட்டுவீர்கள், பிளாக் வெடிக்கும். எக்ஸாஸ்டின் நீர்ப்பெட்டியின் வடிகாலையும் மறக்க வேண்டாம்.

இம்பெல்லரைக் (நீர்ப்பம்புக்குள் சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரம்) கழற்றி வையுங்கள், மாதக்கணக்கில் ஒரே பக்கம் மடிந்திருந்தால் இறக்கைகள் அப்படியே நின்றுவிடும். கழற்றியதை எஞ்சின் சாவியோடு கட்டித் தொங்கவிடுங்கள். ஏப்ரலில் அவசரத்தில் அது இல்லாமல் ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு.

கயிறு: ஆற்றில் இறுக்கிக் கட்டிய படகு வெள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாயும், தளர்த்திக் கட்டியது வடியும்போது கரைமேல் உட்காரும். 2020 கிறிஸ்துமஸ் வாரத்தில் பெட்ஃபோர்டில் கிரேட் ஊஸ் பெருகியது, ஜனவரியில் கிறிஸ்டோஃப் புயல். குட்டையான கயிறுகளைக் குறைத்து, முன்னும் பின்னும் நீளமான குறுக்குக் கயிறுகள் போடுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவைப்போல் குறைந்தது மூன்று மடங்கு நீளம். மிதக்கும் மேடையான பாண்டூனில் கட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

மின்வேலை தெரிந்தவர்

பேட்டரி பற்றி யாரும் எழுதவில்லை. கணக்கு எளிது. 0.1 ஆம்ப் இழுக்கும் ஏதாவது ஒன்று, ரேடியோவின் கடிகாரம்கூட, ஒரு நாளைக்கு 2.4 ஆம்ப்-மணி. 110 ஆம்ப்-மணி பேட்டரி 23 நாளில் பாதிக்கு வந்துவிடும். முழுச் சார்ஜில் இருக்கும் ஈயப் பேட்டரி பிரிட்டன் குளிரில் உறையாது. காலியானது மைனஸ் 7 வாக்கில் உறைந்து பெட்டி பிளக்கும். பூட்டும் நாளில் 12.7 வோல்ட் இருக்க வேண்டும், மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும், பில்ஜ் பம்ப் மட்டும் அந்த ஸ்விட்சைத் தாண்டி நேரே பேட்டரிக்குப் போயிருக்க வேண்டும். பம்பின் மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தால் போதாது, ஒரு வாளி தண்ணீரை ஊற்றி அது தானாக ஓடி நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்த வருடத்தின் வேடிக்கை, வீட்டிலிருந்தே வோல்டேஜைப் பார்க்கலாம் என்று வைத்த 4ஜி ரௌட்டர். 0.4 ஆம்ப் இழுத்தால் நாளைக்குச் சுமார் 10 ஆம்ப்-மணி. பேட்டரி இறங்குவதைப் போனில் துல்லியமாகக் காட்டிக்கொண்டே அதை இறக்கியது அந்த ரௌட்டர்தான். தேவையென்றால் டைமர் போட்டு நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும் விழிக்கவிடுங்கள். சோலார் இருக்கிறதே என்பவர்களுக்கு: கூரையில் தட்டையாகக் கிடக்கும் பலகை டிசம்பரில் கோடையில் தருவதில் பத்தில் ஒரு பங்கு தந்தாலே பெரிது, அதன்மேல் இலை விழாமல் இருந்தால். லித்தியம் வைத்திருப்பவர்கள் பாதி சார்ஜில் விட்டு, சார்ஜரைத் துண்டித்துவிடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெடும்.

படகிலேயே குடியிருப்பவர், தொடர் பயணம்

நிரந்தர நிறுத்தம் இல்லாத எங்களுக்கு 14 நாளைக்கு ஒருமுறை நகரவேண்டிய விதியை, கால்வாய்களை நிர்வகிக்கும் கால்வாய் அறக்கட்டளை முடக்கத்தில் தளர்த்தியது. அதனால் வரிசையிலிருந்த மற்றவர்களின் படகுகளை மாதக்கணக்கில் வெளியே இருந்து பார்க்க முடிந்தது. “கொஞ்சம் பார்த்துக்கோங்க அண்ணே” என்று சொன்னால் என்ன பார்ப்பது? அளவு சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் குழாயின் அடிவிளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே எத்தனை விரல் என்று பூட்டும் நாளில் பார்த்து, பின்பக்கம் ஒரு வெள்ளை டேப் ஒட்டிவிட்டுப் போங்கள். டேப் நனைந்தால் போன் அடிப்போம். உள்ளே வரவும் வேண்டாம், சாவியும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியை முழுக்க வடித்த படகில் அரை டன் எடை குறைந்து மூக்கு உயரும், பின்பக்கம் தாழும். வடித்த பிறகு டேப் ஒட்டுங்கள்.

டேப் நனைந்த படகுகளில் இரண்டே காரணங்கள்தான். பின்தளப் பலகைகளைச் சுற்றி ஓடும் வடிகால் வாய்க்கால், அதன் மூலையில் விரல் தடிமன் ஓட்டை. நான்கு இலை போதும் அதை அடைக்க. பிறகு மழையெல்லாம் எஞ்சின் அறைக்குள். பூட்டும் முன் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். மற்றது ஸ்டெர்ன் கிளாண்ட், அதாவது சுழலித் தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு. எஞ்சினை அணைத்த பிறகும் சொட்டினால் பேக்கிங் தளர்ந்திருக்கிறது. கிரீஸ் கப்பை விரல் இறுகும்வரை திருப்புங்கள். அப்படியும் நிற்காவிட்டால் இரண்டு நட்டையும் கால் சுற்று, சமமாக. நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு விழுந்தாலே 82 நாளில் 25 லிட்டரைத் தொடும்.

புகைபோக்கிக்கு மூடி போடுங்கள். அடுப்புச் சாம்பலை முழுக்க அள்ளுங்கள், ஈரம் குடித்த சாம்பல் இரும்பைத் தின்னும். ஐஸ் பிடித்த கால்வாயில் வேகமாக ஓட்டிப் போகிறவர்களுக்கு: கண்ணாடி உடைவது போன்ற அந்தச் சத்தம் பக்கத்துப் படகுகளின் நீர்க்கோட்டில் தார்ப்பூச்சை உரிக்கிற சத்தம்.

இரும்பு நேரோபோட், மீண்டும்

டீசல் தொட்டியை 95 சதவீதம் நிரப்பி வைப்பதும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலியிடம் இருந்தால் உள்சுவர் வியர்த்துத் தண்ணீர் அடியில் தங்கும், டீசலும் தண்ணீரும் சேரும் கோட்டில் பூஞ்சை வளரும். ஏப்ரலில் வடிகட்டியில் கறுப்புச் சளி வந்தால் அதுதான். எஞ்சின் எண்ணெயைப் பூட்டும் முன்பே மாற்றுங்கள், வசந்தத்தில் அல்ல. பழைய எண்ணெயில் அமிலம் இருக்கும், பேரிங் அதில் ஊறும்.

திறக்கும்போது அவசரம் வேண்டாம். மிக்ஸரையும் கிண்ணத்தையும் மாட்டி, குழாய்களை மூடி, வடிகால்களை மூடி, தொட்டி வால்வைத் திறந்து, ஃபியூஸைப் போட்டால் பம்ப் ஓடி அழுத்தம் ஏறி நிற்கும். குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டு எல்லாவற்றையும் மூடி அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே உட்காருங்கள். குழாய் திறக்காமலே பம்ப் ஒரு நொடி குரைத்து நின்றால் எங்கோ கசிகிறது. தரைப்பலகையைத் தூக்கி, உலர்ந்த காகிதத்தை இணைப்புகளுக்குக் கீழே ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போங்கள்.